வீட்டிலிருந்தே வேலை: நிஜமா, ஏமாற்றா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல், ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம், வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு ‘ஹாய் டியர்’. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: வீட்டிலிருந்தபடியே வேலை, கைநிறையச் சம்பளம், படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம். கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர்கள், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோருமே இதைப் பார்த்து ஒரு நிமிடமாவது யோசிக்கத்தான் செய்வார்கள். அப்படி யோசிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை என்றாலே ஏமாற்றுதானா?

இல்லவே இல்லை. கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சம்பாதித்தவர்கள் உண்டு. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள், திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவர்கள், மதுரையில் அப்பளம் போடுகிறவர்கள், ஊர் ஊருக்குப் பூக்கட்டுகிறவர்கள் என்று பட்டியல் நீளம்.

பீடி சுற்றும் ஓர் அக்காவிடம் பேசிப் பாருங்கள். இலை, தூள், நூல் எல்லாம் கடையில் கொடுத்துவிடுவார்கள். சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கூலி பத்தவில்லை, கழிவு என்று சொல்லிப் பாதியைத் தள்ளிவிடுகிறார்கள், இடுப்பு ஒடிகிறது என்று நூறு குறை சொல்வார். ஆனால் இந்த வேலையில் சேர ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்’ கட்டினேன் என்று மட்டும் சொல்ல மாட்டார். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவர்களையும் தொழிலாளர்களாகவே கணக்கில் எடுத்துக்கொண்டது.

கம்ப்யூட்டரில் செய்யும் வேலைகளிலும் நிஜமானவை நிறைய: மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களை இன்ஷூரன்ஸுக்கான குறியீடுகளாக மாற்றுவது), வாடிக்கையாளர் சேவை, ஆன்லைன் டியூஷன், டாலி மென்பொருளில் கணக்கு எழுதுவது, மொழிபெயர்ப்பு, சப்டைட்டில், வீடியோ எடிட்டிங், இணையதள வடிவமைப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு திறமை வேண்டும். தேர்வு வைப்பார்கள், சிலரைத் திருப்பி அனுப்புவார்கள். வேலை கிடைக்க நாளாகும். ‘யார் வேண்டுமானாலும் சேரலாம், இன்றே சேரலாம்’ என்கிற இடத்தில் உங்கள் திறமைக்கு மதிப்பே இல்லை என்றால், அவர்களுக்கு உங்களிடம் தேவைப்படுவது வேறு ஏதோ.

பார்த்ததும் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்களேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வேலையால் யாருக்கு என்ன பயன், அவர் எதற்காக இதற்குக் காசு கொடுக்கிறார்?

டியூஷன் எடுத்தால் பிள்ளையைப் பெற்றவர் கொடுக்கிறார். மெடிக்கல் கோடிங் செய்தால் மருத்துவமனைக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்து சேர்கிறது, அதிலிருந்து கொடுக்கிறார்கள். பீடி சுற்றினால் பீடி விற்ற காசு. எந்த நிஜ வேலையிலும் இந்தக் கணக்கை ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இப்போது ஸ்கேன் செய்த பழைய ஆங்கில நாவலின் பக்கங்களைத் திரும்ப டைப் அடிக்கும் வேலைக்கு வாருங்கள். படத்திலிருக்கும் எழுத்தை நொடியில் பிரித்துக் கொடுக்கும் வசதி உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, பக்கத்துக்கு நாற்பது ரூபாய் கொடுத்து அதை யார் எதற்கு டைப் அடிக்கச் சொல்வார்கள்? பதில் வராது. ‘ஃபாரின் கிளையன்ட்’ என்பார்கள்.

சான்றிதழ், முத்திரை, கம்பெனி பெயர் எல்லாவற்றையும் போலியாகச் செய்துவிடலாம். இந்தக் கேள்விக்குத்தான் போலியாகப் பதில் சொல்வது கஷ்டம்.

பென்சில் பேக்கிங் வேலை உண்மையா? மாதம் முப்பதாயிரம், பதினைந்தாயிரம் அட்வான்ஸ் என்கிறார்களே?

பொய். பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பொய். நடராஜ் பென்சில் படம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலை டப்பாவில் அடுக்கும் ஒரு பெண்ணின் படம், கீழே ஒரு வாட்ஸ்அப் எண். நடராஜ், அப்சரா பென்சில்களைத் தயாரிக்கும் ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனமே, ‘வீட்டில் பேக்கிங் செய்ய நாங்கள் யாருக்கும் வேலை கொடுப்பதில்லை’ என்று எச்சரித்திருக்கிறது. பென்சில் தொழிற்சாலையிலேயே டப்பாவுக்குள் போய்விடும். அதை லாரியில் ஏற்றி வீடு வீடாக இறக்கி, அடுக்கவைத்து, திரும்ப ஏற்றிவர யாருக்குக் கட்டுப்படியாகும்?

இது எப்படி நடக்கிறது என்றால், முதலில் ஐடி கார்டுக்கு அறுநூறு, எழுநூறு ரூபாய் கேட்பார்கள். உங்கள் போட்டோ ஒட்டிய கார்டு உடனே வாட்ஸ்அப்பில் வந்துவிடும், பார்க்க லட்சணமாகவே இருக்கும். அடுத்து கூரியர் கட்டணம். அதற்கடுத்து, ‘டெலிவரி பாய் உங்கள் தெருமுனையில் நிற்கிறார், ஜிஎஸ்டி கட்டினால்தான் இறக்குவார், பணம் உடனே திரும்ப வந்துவிடும்’ என்று ஒரு போன். வண்டி நிற்கும் போட்டோகூட அனுப்புவார்கள். தெருமுனைக்குப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தொகை சின்னதாக இருப்பதால் யாரும் புகார் கொடுப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் தொழில் ஓடுகிறது.

டேட்டா என்ட்ரி வேலையில் சேர்ந்தேன். அக்யூரசி போதவில்லை, அக்ரிமென்டை மீறிவிட்டேன் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கைது செய்வார்களா?

செய்ய மாட்டார்கள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள்.

இந்த வகையில் பெரும்பாலும் ஆரம்பத்தில் காசு கேட்க மாட்டார்கள். அதனால்தான் ‘பணம் கேட்டால் ஏமாற்று’ என்ற விதியைத் தெரிந்தவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து நாளில் ஐந்நூறு ஃபார்ம் நிரப்ப வேண்டும், 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று ஓர் அக்ரிமென்ட். ஆதார், போட்டோ, கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நீங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து அடித்துக் கொடுப்பீர்கள். எப்படி அடித்தாலும் 90 வராது, திருத்துகிறவர்கள் அவர்கள்தானே. சில இடங்களில் கடைசி நாளன்று தளமே திறக்காது. அதன்பிறகு ‘லீகல் டிபார்ட்மென்ட்’ பேசும்: சர்வீஸ் சார்ஜாக ஆறாயிரம், ஏழாயிரம் கட்டுங்கள், இல்லாவிட்டால் கேஸ், நாளை போலீஸ் வீட்டுக்கு வரும். ஒருமுறை கட்டினால் ‘என்ஓசி’ (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க இன்னொரு தொகை.

தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். அது நீதிமன்ற உத்தரவு கிடையாது. வேலை ஒப்பந்தத்தை முடிக்கவில்லை என்பது சிவில் விவகாரம், அதற்காக மட்டும் போலீஸ் யாரையும் பிடித்துப்போக முடியாது. மோசடி செய்து வாங்கிய ஒப்பந்தத்தை, ஏமாந்தவர் செல்லாது என்று தள்ளிவிட 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது.

காசு கட்டாதீர்கள், வாக்குவாதமும் வேண்டாம். நோட்டீஸ், அக்ரிமென்ட், பேசிய எண்கள் எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். நோட்டீஸில் இருக்கும் வக்கீல் பெயரும் பதிவு எண்ணும் நிஜம்தானா என்று பார் கவுன்சிலில் விசாரிக்கலாம். நிஜமாகவே நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். பெண்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு.

யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் ஐம்பது ரூபாய் என்றார்கள். சந்தேகத்தோடுதான் செய்தேன், 150 ரூபாய் நிஜமாகவே ஜிபேயில் வந்துவிட்டது. ஏமாற்றுகிறவர்கள் காசு கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். அதுதான் தூண்டில் புழு. இன்று ஓடும் மோசடிகளில் ஆளை அடியோடு சாய்ப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கம் எப்போதும் சாதுவாக இருக்கும். ஏதோ ஒரு மார்க்கெட்டிங் நிறுவனத்தின் ஹெச்.ஆர். என்று ஒருவர் வருவார், பெரும்பாலும் பெண் பெயர். யூடியூப் லைக், அல்லது கூகுள் மேப்பில் ஏதாவது ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம். மூன்று செய்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் ஒரு ‘கோடு’ தருவார். சம்பளம் வாங்க அதை டெலிகிராமில் இருக்கும் ‘ரிசப்ஷனிஸ்ட்’டிடம் காட்ட வேண்டும். அங்கே உங்கள் வயது, வேலை, எந்த வங்கியில் கணக்கு என்றெல்லாம் கேட்டுக்கொண்டு 150 ரூபாயைப் போட்டுவிடுவார்கள். அந்த 150 கொடுத்து அவர்கள் வாங்கியது, சொன்ன பேச்சைக் கேட்கிறவர் நீங்கள் என்ற தகவலை.

அப்புறம் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். நாள் முழுக்க லைக் வேலை வரும், நடுநடுவே ஒரு ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’. ஆயிரம் கட்டினால் 1,300. கட்டினால் வரும். அடுத்த நாள் மூவாயிரம், அதுவும் லாபத்தோடு வரும். இந்த இடத்தில்தான் மனசு மாறுகிறது. லைக் போடும் வேலையை மறந்துவிட்டு, பணத்தைப் போட்டு எடுக்கும் ஆளாக நீங்கள் எப்போது மாறினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

ஒருநாள் ‘கோம்போ டாஸ்க்’ வரும். ஐயாயிரம் கட்டிய பிறகுதான் சொல்வார்கள், இது மூன்று பாகம், மூன்றையும் முடித்தால்தான் எடுக்க முடியும் என்று. இரண்டாவது பாகம் பதினெட்டாயிரம், மூன்றாவது ஐம்பதாயிரம். ஒரு தளத்தில் உங்கள் பெயரில் கணக்கு இருக்கும், அதில் ஒரு லட்சத்துச் சொச்சம் காட்டிக்கொண்டே இருக்கும். அது வெறும் எண், அவர்கள் எழுதியதுதான். எடுக்கப் போனால், ‘நீங்கள் தப்பான பட்டனை அழுத்திவிட்டீர்கள், உங்களால் குழுவில் இன்னும் மூன்று பேர் பணம் முடங்கிவிட்டது’ என்பார்கள். அந்த மூன்று பேரும் உங்களிடம் கெஞ்சுவார்கள், ஒருவர் மகளுக்கு ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணம் என்று அழுவார். அந்த மூவரும் அவர்கள் ஆட்கள். சரி செய்ய இன்னொரு தொகை. பிறகு ‘கிரெடிட் ஸ்கோர்’ 80க்குப் போய்விட்டது, நூறாக்க ஒரு தொகை. கடைசியாக வருமான வரி 30 சதவீதம்.

இதற்கு முடிவு கிடையாது. உங்களிடம் பணமும், கடன் கொடுக்க ஆளும் தீரும்போது முடியும்.

இந்தியாவில் பணம் கொடுப்பவர் வரி பிடிப்பதென்றால், வரவேண்டிய பணத்திலிருந்தே பிடித்துக்கொள்வார். அப்படி டிடிஎஸ் பிடித்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் தெரியும். பணம் எடுப்பதற்கு முன்னால் தனியார் ஒருவர் கணக்குக்கு வரி அனுப்பச் சொல்கிற சட்டம் எங்கேயும் இல்லை.

2023 டிசம்பரில், இப்படிப் பகுதிநேர வேலை, முதலீடு என்று ஆசைகாட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. அவற்றை இயக்கியவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஓய்வு பெற்றவர்களையும் பெண்களையும் வேலையில்லாத இளைஞர்களையும் குறிவைக்கிறார்கள் என்று உள்துறை அமைச்சகம் அப்போது சொன்னது. இன்னொரு கொடுமையும் உண்டு. ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை’ என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியிலும் கம்போடியாவிலும் பூட்டிவைக்கப்பட்டு, அடி உதைக்குப் பயந்து இப்படிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளை 2022 முதல் தொகுதி தொகுதியாக மீட்டு வந்திருக்கிறார்கள். உங்களிடம் ‘டியர்’ போட்டுப் பேசுவது அப்படிப்பட்ட ஒருவராகவும் இருக்கலாம்.

குழுவில் எல்லோரும் பணம் வந்த ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்களே?

இருநூறு பேர் இருக்கும் குழுவில் உங்களைத் தவிர எல்லோரும் அவர்களாக இருக்கலாம். தனியாக யாருடனாவது வீடியோ காலில் பேசிப் பாருங்கள், வரமாட்டார்கள்.

ஜிஎஸ்டி சான்றிதழ், கம்பெனிப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் அனுப்பினார்கள். பிறகும் சந்தேகப்படணுமா?

படணும். சான்றிதழ் நிஜமாகவே இருக்கலாம். அது வேறு யாருடையதாவது இருக்கும்.

இருந்தாலும் சரிபார்ப்பது சுலபம், செலவும் இல்லை. கம்பெனி என்றால் சிஐஎன் என்று 21 எழுத்துகள் கொண்ட அடையாள எண் இருக்கும். நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டால் எப்போது பதிவானது, முகவரி எது, என்ன தொழில் என்று வரும். ஜிஎஸ்டி எண்ணுக்கு 15 எழுத்துகள். தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33இல் தொடங்கும். கோயம்புத்தூர் கம்பெனி என்று சொல்லிக்கொண்டு வேறு மாநில எண்ணைக் காட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

பிறகு முக்கியமான ஒன்று: நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை நீங்களாகவே எடுத்துக் கூப்பிடுங்கள். அவர்கள் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டால் அவர்கள்தானே எடுப்பார்கள். பணம் போடச் சொல்லும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். கம்பெனி என்று சொல்லிவிட்டு, யூபிஐயில் ஏதோ ஒரு தனிநபர் பெயரோ சம்பந்தமில்லாத மளிகைக் கடைப் பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

‘எம்எஸ்எம்இ-யில் பதிவு பெற்றது’, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிவானது என்று பெருமையாகப் போடுவார்கள். உத்யம் என்ற அந்தப் பதிவை ஆதாரும் பானும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இலவசமாகப் போடலாம். அரசு சோதித்துப் பார்த்து நல்ல கம்பெனி என்று சொன்னதாக அதற்கு அர்த்தம் இல்லை.

பெரிய ஐடி கம்பெனி பெயரில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. லேப்டாப்புக்கு மட்டும் பத்தாயிரம் டெபாசிட், திரும்பக் கொடுத்துவிடுவார்களாம்.

கொடுக்க மாட்டார்கள். டிசிஎஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் வேலைக்கு எடுக்க எந்தக் கட்டணமும் டெபாசிட்டும் வாங்குவதில்லை என்று தங்கள் தளத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கின்றன. லேப்டாப் கம்பெனியே அனுப்பும், அல்லது உங்கள் சொந்த மெஷினில் செய்யச் சொல்லும்.

மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஜிமெயில் என்றால் பேச்சே இல்லை. நிறுவனத்தின் பெயரோடு ‘கேரியர்ஸ்’, ‘ஹெச்ஆர்’, ‘இந்தியா’ என்று கோடு போட்டு ஒட்டியிருந்தாலும் சந்தேகம்தான். இன்டர்வியூ முழுக்க வாட்ஸ்அப் சாட்டிலேயே முடிந்ததா? முகம் பார்த்து ஒருவர்கூட உங்களிடம் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்கவில்லையா? ஆறு லட்சம் சம்பளம் கொடுக்கிறவர் பத்து நிமிடம் உங்களோடு பேசிப் பார்க்க மாட்டாரா?

அப்படியானால் எதற்குமே காசு கட்டக்கூடாது என்கிறீர்களா?

வேலைக்குக் கட்டக்கூடாது. மற்றதற்குக் கட்டலாம். இரண்டையும் குழப்பிவிடுவதில்தான் பலர் கெட்டிக்காரர்கள்.

மெடிக்கல் கோடிங் வகுப்புக்கோ டாலி வகுப்புக்கோ கட்டணம் உண்டு; அது படிப்புக்குக் கட்டுவது. வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்தால் மட்டும், போன வருடம் படித்தவர்கள் நாலு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் வேலைகளுக்கு விண்ணப்பிக்க ‘கனெக்ட்ஸ்’ என்ற டோக்கன்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். ஃபைவர் என்ற இன்னொரு தளத்தில் முன்பணம் இல்லை, ஆனால் நீங்கள் சம்பாதிப்பதில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். புடவை வாங்கி வாட்ஸ்அப்பில் விற்றால் அது வியாபாரம், முதல் போட்டே ஆகணும், விற்காமல் தேங்கவும் செய்யும்.

இவையெல்லாம் நேர்மையான செலவுகள். லாபம் வருமா என்பது வேறு கேள்வி. ‘மாதாமாதம் சம்பளம் தருகிறோம், முதலில் நீங்கள் கொஞ்சம் கட்டுங்கள்’ என்பதுதான் நடக்காத விஷயம்.

கேப்சா டைப்பிங் (‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிக்க இணையதளங்கள் காட்டும் கோணல் எழுத்துகளைப் பார்த்து அடிப்பது) பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் ஆயிரம் கேப்சா அடித்தால் ஒரு டாலர் கிடைப்பதே பெரிய விஷயம். அதற்கு மூவாயிரம் ரூபாய்க்கு ‘சாஃப்ட்வேர்’ விற்கிறவர்தான் சம்பாதிக்கிறார்.

மெஷின் வாங்கினால் போதும், தயாரிக்கும் பொருளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். விளக்குத் திரி மெஷின். வாங்கலாமா?

‘பை-பேக்’ என்ற இந்த வாக்குறுதியைக் கேட்டாலே ஈமுக் கோழி ஞாபகம் வர வேண்டும். பெருந்துறைப் பக்கம் தொடங்கிய அந்த அலையில் குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், மாதாமாதம் பணம், வளர்ந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 2012இல் எல்லாம் சரிந்தபோது கோழிகளுக்குத் தீவனம் போடக்கூட ஆளில்லாமல் அரசு தலையிட வேண்டியதாயிற்று.

திரி, அகர்பத்தி, பேப்பர் கப், பாக்குமட்டைத் தட்டு எல்லாமே நிஜத் தொழில்கள்தான். ஆனால் மெஷின் விற்பவரே ஒரே வாடிக்கையாளராகவும் இருந்தால், அவர் லாபம் மெஷினிலேயே முடிந்துவிட்டது. முதல் இரண்டு லோடு எடுப்பார். மூன்றாவதில் ‘தரம் சரியில்லை, நீளம் சரியில்லை’ என்று ஆரம்பிப்பார். அதே மெஷின் வெளியில் என்ன விலை என்று பாருங்கள். பக்கத்து ஊர் மொத்த வியாபாரியிடம் போய், திரி கிலோ என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அந்த விலையில் கட்டுப்படியானால் மெஷின் விற்பவரின் பை-பேக் இல்லாமலே தொழில் செய்யலாம். கட்டுப்படியாகாவிட்டால் அவருக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகும்?

விளம்பரம் பார்த்தால் பணம் தரும் செயலிகள்? எங்கள் தெருவில் நிறையப் பேர் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பின்னால் சேருகிறவர்கள் கட்டுவதை முன்னால் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை எல்லோரும் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். 2024 ஜனவரியில் கோவையில் அப்படி ஒரு நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிந்தபோது, உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தது நிறுவனத்துக்கு ஆதரவாக. பணம் வந்துகொண்டிருப்பவருக்குக் கோபம் போலீஸ் மீதுதான் வரும்.

ஒரு விளம்பரத்தை ஒருவர் பார்ப்பதற்கு விளம்பரதாரர் கொடுப்பது பைசாக்கணக்கு. நாளைக்குச் சில நூறு ரூபாய் அதிலிருந்து வராது. பொருளை விற்காமல் ஆள் சேர்ப்பதற்கே கமிஷன் என்றால் அது பிரமிடு திட்டம். 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் அதைத் தடை செய்கின்றன. பணச் சுழற்சித் திட்டங்களுக்கு எதிரான சட்டம் 1978 முதலே இருக்கிறது. சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று நீங்கள் சேர்த்துவிட்ட ஆட்கள் நாளை உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆதார், பான், பாஸ்புக் நகல் கேட்கிறார்கள்.

நிஜ நிறுவனமும் கேட்கும், ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு. பேசிய முதல் நாளிலேயே கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதாரை ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே ‘இன்ன நிறுவன வேலைக்கு மட்டும்’ என்று தேதி போட்டு எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம்.

ஓடிபி, யூபிஐ பின், ஏடிஎம் அட்டையின் பின்புற எண் ஆகியவற்றுக்குச் சம்பளம் போடுவதில் எந்த வேலையும் இல்லை. பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போடத் தேவையே கிடையாது. வாட்ஸ்அப்பில் ‘.ஏபிகே’ என்று முடியும் கோப்பை அனுப்பி, எங்கள் ஆப் என்று சொன்னால் தொடவே வேண்டாம். உங்கள் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் அது அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

என் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை நான் இன்னொரு கணக்குக்கு மாற்ற வேண்டும், இரண்டு சதவீதம் கமிஷன். நான் எதையும் இழக்கவில்லையே?

இந்தப் பக்கத்தில் சொன்னவற்றிலேயே ஆபத்தானது இதுதான். மற்றதில் நீங்கள் ஏமாந்தவர். இதில் நீங்கள் குற்றவாளிப் பட்டியலில் வருவீர்கள்.

அந்தப் பணம் மேலே சொன்னபடி லைக் போட்டு ஏமாந்த ஒருவருடையது. அவர் புகார் கொடுத்ததும் போலீஸ் முதலில் பார்ப்பது பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதை. அது உங்கள் கணக்கு. கணக்கு முடங்கும், ராஜஸ்தானிலிருந்தோ தெலங்கானாவிலிருந்தோ நோட்டீஸ் வரும். ‘எனக்குத் தெரியாது, வேலை என்று சொன்னார்கள்’ என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். ‘நடப்புக் கணக்கு திறந்து கொடு, சிம்மையும் சேர்த்துக் கொடு, இருபதாயிரம்’ என்று கல்லூரி மாணவர்களைக் கேட்கிறார்கள். வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் இதை இன்றே பேசிவிடுங்கள்.

பணம் போய்விட்டது. என்ன செய்ய?

1930க்குக் கூப்பிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

இது தேசிய சைபர் குற்ற உதவி எண். நீங்கள் அனுப்பிய பணம் கணக்கு கணக்காகத் தாவிக்கொண்டே போகும். ஏடிஎம்மில் எடுப்பதற்குள் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்கிவிட்டால் மீட்க வாய்ப்பு உண்டு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். எப்போது, எந்த வங்கியிலிருந்து, எவ்வளவு, யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் என்ன என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரை விவரமாகப் பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் போகலாம். முடக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், நாளாகும்.

டெலிகிராம் சாட்டை அழிக்காதீர்கள். கோபத்தில் திட்டிவிட்டு பிளாக் செய்வதற்கு முன், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அவர்கள் பக்கத்திலிருந்து மொத்தச் சாட்டையும் அழிக்க முடியும், அழிப்பார்கள்.

பணம் போகவில்லை, சந்தேகச் செய்திதான் வந்தது என்றால் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதி இருக்கிறது. அங்கே அந்த எண்ணைச் சொல்லிவிடலாம்.

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒருவர் கூப்பிட்டார். கட்டணம் ஐயாயிரம்.

அதே கூட்டம்தான், அல்லது உங்கள் எண்ணை அவர்களிடமிருந்து வாங்கியவர்கள். போனை வைத்துவிடுங்கள். சைபர் கிரைம் போலீஸ் கட்டணம் கேட்காது.

சரி, நிஜமான வேலையை எங்கே தேடுவது?

காசு வாங்காத இடங்களிலிருந்து தொடங்குங்கள். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம் இரண்டிலும் பதிவு இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களில் நேரில் நிறுவனங்களைப் பார்க்கலாம். வீட்டிலிருந்து செய்யும் வேலை இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுவிடலாம். லிங்க்ட்இன், நௌக்ரி போன்றவற்றிலும் போலி விளம்பரம் கலந்துதான் இருக்கும். அதில் பார்த்ததை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ‘கேரியர்ஸ்’ பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே விண்ணப்பியுங்கள்.

வீட்டைவிட்டு வெளியே போக முடியாத நிலை என்றால், தெரிந்தவர்கள் வட்டத்திலிருந்து தொடங்குவதுதான் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. பக்கத்துக் கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு, உங்கள் தெருவிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குப் பாடம், உள்ளூர் பேக்கரிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம். முதல் மாதம் மூவாயிரம் வந்தாலே நல்ல தொடக்கம்.

தெரியாத ஒருவருக்கு வேலை செய்வதாக இருந்தால் முழு வேலையையும் ஒரேயடியாகச் செய்து அனுப்பாதீர்கள். இரண்டு பக்கம் மொழிபெயர்த்து, ஒரு வீடியோ எடிட் செய்து, அதற்குப் பணம் வந்த பிறகு அடுத்தது. வாரத்துக்கு ஒருமுறை பில் அனுப்புங்கள். ‘டெஸ்ட்’ என்று சொல்லி முப்பது பக்கம் கேட்டால், அந்த முப்பது பக்கத்துக்கு என்ன ரேட் என்று கேளுங்கள்.